அஃபா கற்றவனுக்கு யார் முதல் தருவார்? – இக்போ நாட்டுப் பயணக் குறிப்புகள்

ஓரியே – எனுகு, ஓர்பா

இக்போ வாரத்தில் நான்கே நாள்கள்: ஏகே, ஓரியே, அஃபோ, ந்க்வோ. நான்கும் சந்தை நாள்கள். ஏழு வாரம் சேர்ந்தால் 28 நாள் மாதம். 13 மாதம் சேர்ந்தால் 364 நாள். அதோடு ஒரு நாளைக் கூட்டினால் ஓர் ஆண்டு. தென்கிழக்கு நைஜீரியாவில் சுற்றப்போகும் இந்த நாள்களை இந்தக் கணக்கிலேயே எழுதிப் பதிகிறேன்.

லாகோஸில் என்னோடு பள்ளியில் பாடம் நடத்தும் தோழியின் சொந்த ஊர் ந்நேவிக்குப் பக்கம். அவளுடைய பெரியப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், இரண்டு டிபியாக்கள் என்று ஊரில் ஒரு சிறு வட்டம் கூடியிருக்கிறது. தங்கள் முன்னோரின் ஆன்மிக அறிவை அடுத்த முப்பது ஆண்டுகளில் எப்படிக் காப்பது, யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்று அவர்கள் திட்டம் வகுத்து வருகிறார்கள். குறி பார்ப்பவர், வைத்தியர், சடங்கு நடத்துபவர் எல்லாம் சேர்ந்தவர் டிபியா. அவர் குறி பார்க்கும் கலைக்கு அஃபா என்று பெயர். பாடத்திட்டம் எழுதிப் பழகியவள் என்று என்னையும் அழைத்தார்கள். வரும் வழியில் பார்க்க வேண்டிய இடங்களைப் பெரியப்பாவே பட்டியல் போட்டு அனுப்பிவிட்டார்.

இக்போ மக்கள் மூன்று கோடிக்கும் மேல். இன்று பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அதற்கு முன்பிருந்து வரும் நெறிக்கு ஒடினானி என்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலே சுக்வு. ஒவ்வொரு மனிதருக்கும் உடன் வரும் சி. காலடியில் நிலத்தாய் ஆலா; கொலையும் திருட்டும் முதலில் அவளுக்கு எதிரான குற்றம். பக்கத்திலேயே இருந்து கவனிக்கும் மூதாதையர். இதற்கென்று ஒரு வேதநூல் கிடையாது. எல்லாம் ஆட்களிடம் இருக்கிறது, அந்த ஆட்களுக்கு வயதாகிறது.

காலையில் எனுகுவில் சூடான ஓக்பா சாப்பிட்டோம். ஒருவகை நிலக்கடலை மாவில் செம்பனை எண்ணெய் சேர்த்து இலையில் வேகவைப்பது. மஞ்சள் நிறம், வயிறு நிறையும். அங்கிருந்து ந்சுக்கா போகும் வழியில் ஓர்பா. ஓரியே அன்று கூடும் சந்தை அது, இன்றைக்கு ஓரியேதான். கிழங்கும் மிளகாயும் விற்கும் வரிசைகளைத் தாண்டி ஓர் அம்மா ஓஜி விற்றுக்கொண்டிருந்தார். கோலா கொட்டை. கூடையில் இரண்டு வகையைத் தனித்தனியாகப் பிரித்திருந்தார். இரண்டே பருப்பாகப் பிளக்கும் கோரோ மெல்லுவதற்கு. மூன்று, நான்கு, ஐந்து என்று பிளக்கும் இக்போ ஓஜி தெய்வத்துக்கு. பக்கத்தில் ந்ஸு கட்டிகள், சுட்ட சோழி போல வெள்ளைவெளேரென்ற களிமண். ஒரு கட்டியையும் ஆறு ஓஜியையும் வாங்கிக்கொண்டோம். வெறுங்கையோடு பெரியவர்கள் வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

மாலையில் ந்சுக்காவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் தங்கினோம். அவர் ஓஜித் தட்டை எடுத்துக் காட்டினார். தட்டு முறைப்படி உறவின் வரிசையில் கை மாறிச் சுற்றி, மறுபடி அவரிடமே வந்தது. ஓஜியைக் கையில் உயர்த்திக்கொண்டு வேண்டத் தொடங்கினார். தண்ணீருக்கும் உயிர், மீனுக்கும் உயிர். பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும். ஒவ்வொரு வரிக்கும் சுற்றியிருந்தவர்கள் "இசே!" என்றார்கள். பிறகு பிளந்து பார்த்தார். நான்கு பருப்பு. எல்லோர் முகமும் மலர்ந்தது. நான்கு சந்தை நாள்களும் கூடி வந்துவிட்டன. மூன்று வந்தால் அது வீரனுக்குரியது, ஐந்து வந்தால் செல்வம், ஆறு வந்தால் மூதாதையர் வந்திருக்கிறார்கள் என்று தோழி காதில் சொன்னாள்.

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் எல்லோரையும்விட உரக்க "இசே" சொன்னான். பன்னிரண்டு வயது இருக்கும். தாத்தா என்ன வேண்டினார் என்று கேட்டேன். தெரியவில்லை. வீட்டில் ஆங்கிலம்தான். ஓஜி வேண்டுதலை இக்போவில்தான் சொல்ல வேண்டும், வேறு மொழி அதற்குக் கேட்காது என்பது இங்கே அத்தனை பேரும் அறிந்த பேச்சு. தாத்தா அதையே திருப்பிச் சொன்னார்: "இவனுக்கு வேண்டச் சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் முதலில் பேசச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது என் மகன் செய்ய வேண்டிய வேலை. அவனும் செய்யவில்லை, நானும் அவனை விட்டுவிட்டேன்."

அஃபோ – லெஜா, ந்சுக்கா

லெஜா ஊரின் பொது வெளியில் உருளை உருளையாகக் கருத்த கட்டிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. பழங்காலத்தில் இரும்பு உருக்கியபோது உலையில் படிந்த கசடு. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அவற்றை வரிசையாகப் பதித்து, மேல் உட்கார்ந்துதான் ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் நடத்துகிறார்கள். கையை வைத்துப் பார்த்தேன். மேற்பரப்பில் குமிழ் வெடித்த தழும்புகள், வெயிலில் கொதிக்கிற சூடு. வேறு நாடாக இருந்தால் இதைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருப்பார்கள். இங்கே ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன. எனக்கு இது நிறைவாக இருந்தது.

பிற்பகல் பல்கலைக்கழகம். 1960-ல், நாடு விடுதலை பெற்ற அதே மாதத்தில் தொடங்கியது. இங்கேதான் உச்சே ஒகேகே என்னும் ஓவியர், இக்போ மக்கள் பியாஃப்ரா என்ற தனிநாடு கேட்ட 1967–70 போருக்குப் பின் வந்து, உலி என்னும் கோட்டோவியத்தைப் பாடமாக்கினார். உலி பெண்களின் கலை. ஒரு செடியின் காயைப் பிழிந்த சாற்றைத் தோல்மேல் மெல்லிய குச்சியால் வரைவார்கள். வரையும்போது நிறமே தெரியாது. சில மணி நேரம் போனால் கருத்து எழும். ஒரு வாரம் போல நிற்கும், பிறகு மறைந்துவிடும். கோயில் சுவர்களிலும் மண்ணும் கரியும் குழைத்து வரைந்தார்கள். ஆலாவின் கோயிலை அழகுபடுத்துவது ஊர்ப் பெண்களின் கடமை. ஒகேகேயின் தாயே உலி வரைபவர்தான். மகன் அம்மாவின் கோட்டைத் தாளுக்குக் கொண்டுவந்தார், அவர் மாணவர்கள் உலகத்துக்குக் கொண்டுபோனார்கள். உலி பிழைத்தது இவர்களால்தான், அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் இவர்களில் புகழ்பெற்ற பெயர்கள் ஏறக்குறைய எல்லாம் ஆண்கள். சுவரில் வரைந்த பாட்டிகளின் கையிலிருந்து பேத்திகளின் கைக்கு அது போகவில்லை. எந்தக் கோடு எந்தக் கோயிலில் எந்தப் பருவத்துக்கு, வரையும்போது என்ன பாட்டு, வரைபவள் என்ன நோன்பு இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பாட்டிகளோடு போயிற்று. ந்நேவிக் கூட்டத்தில் இதைக் கட்டாயம் எழுப்புவேன்.

ஆராய்ச்சியாளர் ஒருவர் மடிக்கணினியில் ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். நார்த்கோட் தாமஸ் என்னும் ஆங்கிலேய அரசின் மானிடவியலாளர் 1910 முதல் 1913 வரை இக்போ ஊர்களில் மெழுகு உருளைகளில் பதிந்தவற்றில் ஒன்று. உருளைகள் லண்டனில் இருக்கின்றன, அவர் திரட்டிய பொருள்கள் கேம்பிரிட்ஜில். சில ஆண்டுகளுக்கு முன் லண்டன் ஆய்வாளர்களும் இங்குள்ளவர்களும் சேர்ந்து அந்தக் குரல்களையும் படங்களையும் பதிந்த ஊர்களுக்கே எடுத்துச்சென்று காட்டினார்கள். இரைச்சலுக்கு நடுவே ஒரு பாட்டு கேட்டது. "யாரோ ஒரு கிழவர் படத்தைப் பார்த்து 'இது என் தாத்தா' என்றால், எங்கள் ஆய்வு அந்த நிமிடத்தோடு நின்றுவிடும். பிறகு அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம்" என்றார் அவர்.

ந்க்வோ – அவ்கா

இன்று திங்கட்கிழமை. 2021 ஆகஸ்ட்டில் பியாஃப்ரா தனிநாட்டு இயக்கம் தொடங்கிய கடையடைப்பு பல ஊர்களில் திங்கட்கிழமைகளை முடக்கிவந்தது. அதனால் பகல் முழுதும் விடுதி அறை.

தோழி தன் குடும்பக் கதையைச் சொன்னாள். ஓனிச்சாவில் ஆங்கிலிக்கன் சபை 1857-லும் கத்தோலிக்கச் சபை 1885-லும் வந்தன. பள்ளிக்கூடம் வேண்டுமானால் சபைக்கு வர வேண்டும். பள்ளிக்கூடம் போனவனுக்குத்தான் அரசு வேலை. அவள் கொள்ளுத்தாத்தா மூத்த மகனைப் பள்ளிக்கு அனுப்பினார், இளையவனைக் கோயிலுக்கு வைத்துக்கொண்டார். மூத்தவரின் பிள்ளைகள் ஆசிரியர், செவிலியர், பாதிரியார். இளையவருக்கு வாரிசு இருந்தும் கோயிலுக்கு வாரிசு இல்லை. இன்றும் பிரசங்கக் கூட்டங்களின் முடிவில் தாத்தாவின் ஈகெங்காவை, அதாவது ஒரு மனிதனின் வலக்கை வலிமைக்கும் முயற்சிக்கும் உருவான மரச்சிற்பத்தை, எடுத்துவந்து எரிப்பது நடக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே வாரத்தில் கோடீஸ்வரன் ஆக்குகிறேன் என்று காணொளி போடும் மந்திரவாதிகள் பெருகிப்போய், அனாம்ப்ரா மாநில அரசு 2025-ல் பணச் சடங்குகளுக்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தது. சிலர் கைதானார்கள். சிரத்தையாகக் கற்ற டிபியாக்களுக்கு இதனால் இரட்டை அடி. சபையில் அவர்களைப் பேய் என்கிறார்கள், தெருவில் மோசடிக்காரன் என்கிறார்கள். முறையான கல்வியும் அதற்கு ஊரறிந்த சான்றும் இருந்தால் யார் அசல், யார் போலி என்று ஊரே சொல்லிவிடும். திட்டத்துக்கு இது ஒரு வலுவான காரணம்.

ஏகே – ந்ரி, இக்போ-உக்வு

அவ்காவின் பெரிய சந்தை ஏகே நாளுக்குரியது. விடியும்போதே தெரு நிரம்பிவிட்டது. ஷேர் வண்டி பிடித்து ந்ரிக்குப் போனோம்.

படை இல்லாமல் செல்வாக்குப் பெற்ற அரசு ந்ரி. இதன் ஆட்கள் ஓட்டோன்சி என்னும் கோலை ஏந்தி ஊர் ஊராகப் போவார்கள். கொலை நடந்த ஊரில், ஆலா புண்பட்ட நிலத்தில், கழுவாய்ச் சடங்கு செய்து ஊரை மறுபடி வாழத் தகுந்ததாக்குவார்கள். இரத்தம் சிந்துவது அவர்களுக்கு விலக்கு. ஆண்டுதோறும் எசே ந்ரி, அந்த ஊரின் புரோகித அரசர், இகு ஆரோ விழாவில் புதிய ஆண்டைக் கணக்கிட்டு அறிவிப்பார், விதைக்கிழங்கு தந்து ஆசி சொல்வார். நாள்காட்டி இந்த ஊரிலிருந்துதான் புறப்படுகிறது.

1911-ல் ஆங்கிலேய நிர்வாகம் எசே ந்ரி ஒபாலிகேயை அவர் ஊரை விட்டு வெளியே வரவழைத்து, ந்ரி விதித்திருந்த விலக்குகளை அவர் வாயாலேயே ரத்து செய்யவைத்தது. எசே ந்ரி ஊர் எல்லையைத் தாண்டுவதே மரபுக்குப் புறம்பு. ஒரு கோயிலை இடித்தால் மறுபடி கட்டலாம். பல நூற்றாண்டு நம்பிக்கையின் நாக்கையே கொண்டு அதை மறுக்கவைத்தது அதைவிடப் பெரிய சேதம் என்று எனக்குப் படுகிறது.

இந்த ஊரை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்த மானிடவியலாளர் ஓன்வுஎஜியோக்வு 1970-களின் தொடக்கத்தில் இங்கே ஒடினானி அருங்காட்சியகம் அமைய வழிசெய்தார். பொருள்களைத் தலைநகருக்குக் கொண்டுபோகாமல் அவை பிறந்த ஊரிலேயே வைக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குப் புதிது. உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எங்களோடு ஊரைச் சுற்றினார். ஓஃபோ என்னும் குச்சியின் கதையைச் சொன்னார். நேர்மையின், அதிகாரத்தின் அடையாளம் அது. குடும்பத் தலைவர் கையில் இருக்கும். அந்த மரத்தின் கிளையை வெட்டி ஓஃபோ செய்யக் கூடாது. கிளை தானாக ஒடிந்து விழ வேண்டும். "மரம் இருந்தால்தானே விழும்?" என்று கேட்டார். அவர் சின்ன வயதில் ஊர்க்காட்டில் இந்த மரங்கள் எத்தனையோ நின்றனவாம். இப்போது எனக்குக் காட்ட ஒன்றைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. போகும் வழியில் பக்கத்து ஊர்களான ஆகுலுவையும் நங்காவையும் மண்ணரிப்பு கடித்துக்கொண்டிருப்பதைச் சொன்னார். செம்மண் பள்ளத்தாக்குகளாக வீடும் தோட்டமும் சரிகின்றன. ஆகுலு ஏரியில் முதலைகளை யாரும் தொடுவதில்லை, அவை ஏரித் தெய்வத்துக்குரியவை. அந்த விலக்கு இருப்பதால்தான் அவை உயிரோடு இருக்கின்றன. தெய்வத்துக்கு விட்ட காடுகளும் இப்படித்தான் நின்றன. பயம் போன பிறகு ரம்பம் வந்தது.

இக்போ-உக்வுவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. 1938-ல் இசாயா அனோசி என்பவர் தன் வீட்டு வளாகத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி வெட்டும்போது வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. அக்கம்பக்கத்தார் மருந்துக்கு நல்லது என்று சிலவற்றை வாங்கிப்போனார்கள். 1959-லிருந்து தர்ஸ்டன் ஷா முறையாக அகழ்ந்தார். 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மெழுகு அச்சில் வார்த்தவை. ஈ உட்கார்ந்திருப்பதையும் சங்கின் மேல் ஓடும் சல்லடை வேலையையும் வார்த்தவர் யாராக இருந்தாலும் அவர் கைக்குப் பின்னால் பல தலைமுறைப் பயிற்சி இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் புதைக்கப்பட்ட ஒரு பெரியவரின் கல்லறையும் கிடைத்தது. மணிகள் மட்டும் 1,65,000-க்கும் மேல். முக்கியமானவற்றைப் பார்க்க லாகோஸுக்கோ லண்டனுக்கோ போக வேண்டும். ஊரில் பிள்ளைகளுக்குக் காட்டப் படங்களும் நகல்களும்தான்.

2020 ஜூனில் பாரிஸில் இரண்டு இக்போ அலுசி, அதாவது தெய்வச் சிற்பங்கள், 2,12,500 யூரோவுக்கு ஏலம் போயின. 1967–70 பியாஃப்ரா போர்க்காலத்தில் கோயில்களிலிருந்து எடுக்கப்பட்டவை அவை என்று கலை வரலாற்றாளர் சிக்கா ஒகேகே-அகுலு எதிர்த்தார். முறையாகவே வந்தவை என்றது ஏல நிறுவனம். இக்போ-உக்வுவில் ஒரு பெட்டிக்கடை வாசலில் இளைஞர்களிடம் இதைப் பற்றிப் பேச்சு கொடுத்தேன். விலையைக் கேட்டு மலைத்தார்கள். அந்தச் சிலைகளுக்கு என்ன படைப்பார்கள், எந்த நாளில் திறப்பார்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. சிலை திரும்பி வந்தாலும் வரவேற்கத் தெரிந்தவர் வேண்டுமே.

ஓரியே – ஒரு டிபியாவின் வீடு

ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. எழுபதைத் தாண்டியவர். வாசலில் ஓகிரிசி மரங்கள், குறுக்கே இளம் பனங்குருத்து கட்டியிருந்தது. உள்ளே போனதும் ந்ஸு கட்டியை நீட்டினார். தரையில் நான்கு கோடு போட்டேன், நான்கு நாளுக்கும் ஒவ்வொன்று.

"மகளே, எதைப் பார்க்க வந்தாய்?"

"அஃபா எப்படிக் கற்கிறார்கள் என்று பார்க்க வந்தேன், ஐயா."

நான்கு சரங்களை எடுத்தார். ஒவ்வொரு சரத்திலும் நான்கு விதை ஓடுகள், கையாட்டத்தில் தேய்ந்து எண்ணெய் பூசியது போல மின்னின. இரண்டிரண்டாகப் பிடித்து வீசினார். ஒவ்வொரு ஓடும் மல்லாந்தோ கவிழ்ந்தோ விழும். ஒரு சரத்துக்கு 16 விதமான விழுகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: ஒபி, ஓகோலி என்று போகிறது. இரண்டு சரத்தைச் சேர்த்துப் படித்தால் 256. ஒவ்வொரு சேர்க்கைக்கும் பொருள், கதை, மரபுத்தொடர், அதற்குரிய இலை, அதற்குரிய பலி. அஃபாவுக்கென்று தனிப் பேச்சும் உண்டு. இக்போ நன்றாகப் பேசுபவருக்கும் அது பிடிபடாது. அவர் வீசிக்கொண்டே முணுமுணுத்தார். கை நிற்கவில்லை. விழுந்ததைப் பார்த்த கணத்தில் அடுத்ததை வீசினார். நான் குறிப்பேட்டில் முதல் விழுகையை வரைந்து முடிப்பதற்குள் அவர் ஏழெட்டைப் படித்துவிட்டார்.

அவரை அழைத்தது அக்வு. குறிக்கும் மருத்துவத்துக்கும் உரிய ஆவி அது. இளமையில் தொடர்ந்து நோய், தொட்ட தொழிலெல்லாம் நட்டம். கடைசியில் குறி பார்த்தபோது அக்வு கூப்பிடுகிறது என்று வந்தது. தாய்மாமனிடம் போய்ச் சேர்ந்தார். முதல் ஆண்டுகள் முழுக்கக் காட்டு வேலைதான். எந்த வேரை எந்த நேரத்தில் எடுப்பது, எடுக்குமுன் மரத்திடம் என்ன சொல்வது. பிறகு சரம். பிறகு கண் திறக்கும் சடங்கு. அதைப் பற்றி நான் கேட்டதற்குப் புன்னகைத்தார், பதில் சொல்லவில்லை.

அவருக்கு இப்போது சீடன் இல்லை. ஒருவன் வந்தான், இரண்டாம் ஆண்டில் போய்விட்டான். இதைச் சொல்லும்போதுதான் குரல் உயர்ந்தது.

"இங்கிருந்து ந்நேவிக்குப் போய்ப் பார். உதிரிபாகக் கடையில் ஒரு பையன் ஏழு வருஷம் சம்பளமில்லாமல் கடை பெருக்குகிறான், மூட்டை தூக்குகிறான், முதலாளி வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடுகிறான். ஏன்? ஏழாம் வருஷம் முதலாளி அவனைச் செட்டில் பண்ணுவார். கடை வைக்க முதல் தருவார். ஊரே சாட்சி. என்னிடம் ஏழு வருஷம் இருந்தால் நான் என்ன தருவேன்? என் சரத்தைத் தருவேன். அதை வைத்துக்கொண்டு அவன் பெண் கேட்டுப் போக முடியுமா? பையன்களுக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள். பொய். நம் பையன்களைப் போலப் பொறுமையானவர்கள் உலகத்தில் இல்லை. அஃபா கற்றவனுக்கு யார் முதல் தருவார், அதைச் சொல்."

இந்தப் பயணத்தில் நான் கேட்ட மிகத் தெளிவான பேச்சு இதுதான். மொழி தேய்கிறது, சபை எதிர்க்கிறது, காடு அழிகிறது என்று எல்லாம் கேட்டுவிட்டேன், எல்லாம் உண்மை. ஆனால் ஓர் இளைஞன் ஒரு கிழவரிடம் ஏழு ஆண்டு இருப்பதற்கு இந்தச் சமூகத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. போர் முடிந்தபோது வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் ஆளுக்கு 20 பவுண்டுதான் தந்தார்கள். அந்தப் பாழிலிருந்து இக்போ வணிகம் எழுந்து நின்றதில் இந்தச் சீடமுறைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த முறையின் கடைசிப் படி, செட்டில் பண்ணுவது, டிபியா வீட்டில் மட்டும் இல்லாமல் போயிற்று. முன்பு அந்தப் படியை ஊர் பார்த்துக்கொண்டது. கற்று முடித்தவனுக்குக் கோயில் நிலம் இருந்தது, ஊர் தேடி வந்தது.

அஃபோ – ஓவேரி

ம்பாரி பார்க்கத்தான் இவ்வளவு தூரம். ஓவேரிப் பகுதியில் பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால், ஆலா கேட்கிறாள் என்று குறி சொன்னால், ஊர் சேர்ந்து ம்பாரி கட்டும். ஒவ்வொரு குடியிலிருந்தும் ஆணும் பெண்ணும் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். வேலிக்குள் ஒதுங்கி மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கும் மேல், புற்றுமண்ணைக் குழைத்து உருவங்கள் செய்வார்கள். நடுவே பிள்ளைகளோடு ஆலா. சுற்றிலும் தெய்வங்கள், விலங்குகள், பிரசவிக்கும் பெண், வெள்ளைக்கார அதிகாரி, ஊர்ப் பேச்சில் இருந்த எல்லாமே. திறப்பு நாளில் ஊர் கூடிப் பார்க்கும். அதோடு சரி. யாரும் பூசி மெழுகமாட்டார்கள், ஒழுகும் கூரையை மாற்றமாட்டார்கள். மழையில் கரைந்து மண்ணோடு போகும். கட்டியதுதான் வழிபாடு. அடுத்த தேவை வரும்போது அடுத்த தலைமுறை புதிதாகக் கட்டும், கட்டும்போதே கற்றுக்கொள்ளும்.

1960-களில் ஹெர்பர்ட் கோல் என்னும் கலை ஆய்வாளர் இவற்றை விரிவாகப் பதிந்தார். போருக்குப் பின் அந்தப் பழக்கம் பெரும்பாலும் நின்றுவிட்டது. இப்போது ஓவேரியில் இருப்பது பண்பாட்டு மையத்தில் நிலையாகக் கட்டிய ம்பாரி. வண்ணம் பூசிய உருவங்களைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றோம். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்க ஓர் இடம் இருப்பது நல்லதுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு ம்பாரி நின்றுகொண்டே இருந்தால் இரண்டாவதைக் கட்ட யாருக்கும் தேவை வராது. புற்றுமண்ணை எந்தப் பதத்தில் குழைப்பது என்பது கட்டுகிறவர் விரலில் இருக்கிறது.

ஆறுதலான ஒரு தொடர்ச்சியும் இங்கே உண்டு. கிழங்குத் தெய்வத்தின் பெயரால் 1979-ல் தொடங்கிய அஹியாஜோகு பேருரைகள். இக்போ அறிஞர்கள் தங்கள் சொந்த மக்களுக்கு முன் நின்று பேசும் மேடை. அதற்கும் முன்னால், 1949-ல், ஓக்பாலு என்னும் ஆசிரியர் இக்போ மொழி வளர்ச்சிச் சங்கம் தொடங்கினார். எழுத்துமுறைச் சண்டைகள் 1961-ல் ஒருவாறு தீர்ந்தன. பெரியப்பா வட்டத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இவற்றைப் படித்து வளர்ந்தவர்கள்.

ந்க்வோ – ந்நேவி

ந்நேவியின் பெரிய சந்தைக்கு ந்க்வோதான் நாள். காலையில் உதிரிபாக வரிசைகளில் நடந்தோம். மோட்டார் சைக்கிள் சங்கிலி, பிரேக் கட்டை, எண்ணெய் வாசனை. கடைக்குக் கடை சீடப் பையன்கள். ஒருவன் விலை சொல்லும்போது முதலாளி முகத்தைப் பார்க்கவே இல்லை, அவ்வளவு தேறிவிட்டான். அடுத்த ஆண்டு அவனைச் செட்டில் பண்ணுகிறார்களாம்.

பிற்பகல் பெரியப்பா வீட்டில் கூட்டம். ஓஜி, வேண்டுதல், இசே. பிறகு தட்டச்சு செய்த தாள்கள். அவர்கள் அனுமதியோடு சாரத்தைச் சொல்கிறேன்.

தாளின் முதல் வரி: பிறப்பைக் காரணம் காட்டி யாரையும் கற்பதிலிருந்து விலக்கக் கூடாது. ஓசு என்று தெய்வத்துக்கு விடப்பட்டவர்களின் வழிவந்தவர்களை ஒதுக்கும் வழக்கத்தை 1956-லேயே கிழக்கு மண்டலச் சட்டம் தடைசெய்தது; திருமணப் பேச்சில் அது இன்னும் தலைகாட்டுகிறது. இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறிந்த காலமும் இருந்தது. "நாம் காப்பது எல்லாவற்றையும் இல்லை. ஆலா இன்று எதை ஏற்பாள் என்று கேட்டுக் காப்போம்" என்றார் பெரியப்பா. வாக்கெடுப்பே தேவைப்படவில்லை.

அடுத்து சீடர்கள். ஒவ்வொரு டிபியாவுக்கும் இரண்டு சீடர், ஏழு ஆண்டு. தங்குமிடமும் சாப்பாடும் டிபியா பொறுப்பு. கற்று முடித்ததும் செட்டில் பண்ணும் பணம் ந்நேவி, ஓனிச்சா வணிகர்கள் சேர்க்கும் நிதியிலிருந்து. ஓரியே அன்று அந்த முதியவர் கேட்டதை நான் எழுந்து அப்படியே சொன்னேன். உதிரிபாக வணிகர் ஒருவர், தீவிரக் கத்தோலிக்கர், வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வழிபாட்டுக்குத் தர என் மனம் ஒப்பாது. மூலிகைக்கும் மொழிக்கும் என்றால் இரண்டு பையன்களை நான் ஏற்கிறேன்" என்றார். அஃபாவையும் மூலிகையையும் அப்படிப் பிரிக்க முடியுமா என்று ஒரு டிபியா கேட்டார். பிரிக்க முடியாதுதான். ஆனாலும் அந்த இரண்டு பையன்களை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

காடு: ஊர்த் தெய்வக் காட்டைப் பொதுச் சொத்தாகப் பத்திரம் பதிந்து, ஓஃபோ மரமும் மருந்துச் செடிகளும் நட வேண்டும். இதற்கு முப்பது ஆண்டு என்பது குறைச்சல் என்று எல்லோருக்கும் தெரியும்.

பதிவு: மூன்று அடுக்கு. நாள்காட்டி, ஓஜி வேண்டுதல், பழமொழி, பாட்டு எல்லோருக்கும். மருந்து, அஃபாவின் 256 சேர்க்கைகளின் பொருள் சீடர்களுக்கு. கண் திறக்கும் சடங்கு போன்றவை கேமராவுக்கே இல்லை. ஓர் இளைஞர், வெளிநாட்டில் இருக்கும் இக்போ பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும், மூடிவைத்ததால்தான் அழிந்தது என்று வாதாடினார். அவர் தவிப்பு எனக்குப் புரிந்தது. ஆனாலும் நான் டிபியாக்கள் பக்கம் நின்றேன். எப்போது, யாரிடம் சொல்வது என்பதையும் சேர்த்துத்தான் அவர்கள் கற்றிருக்கிறார்கள். அதை நீக்கிவிட்டுக் கொடுத்தால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பாதிதான்.

கடைசியாகப் பெண்கள். தாள்களில் உலி ஒரே வரியில் இருந்தது. தோழியின் அம்மா, நாள் முழுக்கச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்தவர், அந்த வரியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நின்றபடியே பேசினார். பெண் டிபியாக்கள் இருக்கிறார்கள், நீர்த் தெய்வத்தின் பூசாரிப் பெண்கள் இருக்கிறார்கள், சீடர் பட்டியலில் ஒரு பெண் பெயரும் ஏன் இல்லை? ஓஜியை நாங்கள் பிளப்பதில்லை, சரி; உங்கள் பிள்ளைகளுக்கு முதல் வேண்டுதலைச் சொல்லிக்கொடுத்தது யார்? பெரியப்பா தாளை வாங்கி அந்த வரியை அடித்தார். பக்கத்து ஊரில் உலி வரையத் தெரிந்த இரண்டு மூதாட்டிகள் இருக்கிறார்கள் என்று அந்த அம்மா பெயரோடு சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு அவர்களை அழைத்துவரும் பொறுப்பு அவருடையது. அவர்களுக்கும் செட்டில் நிதியிலிருந்து மாதப் பணம் தருவது, ஐந்து பெண்களை முதல் அணியாகச் சேர்ப்பது என்று எழுதினார்கள். சுவர் வேண்டுமே என்று யாரோ கேட்டதற்கு, என் வீட்டு மதில் இருக்கிறது என்றார் பெரியப்பா.

எனக்குக் கொடுத்த வேலை, தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்புக்கு இக்போ நாள்காட்டிப் பாடம். நான்கு நாள், ஏழு வாரம், பதின்மூன்று மாதம். தோழி இக்போவில் எழுதுவாள், பயிற்சிகளை நான் வகுப்பேன். இகு ஆரோவுக்கு முன் முடித்துக் கொடுக்க வேண்டும். நாளைக் காலைப் பேருந்தில் லாகோஸ்.